தேதி புரண்டால், தொகை சுருங்கினால்: தரவுத்தளத்தில் வடிவப் பிழைகளைக் கண்டறிந்து திருத்தும் முறை

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம் இருப்பதாகக் கொள்வோம். அன்றன்று பறித்த பழத்தின் எடையைத் தோட்டத்து எழுத்தர் எக்செல் கோப்பில் ஏற்றுகிறார். அந்தக் கோப்பு மாலையில் சேலத்து அலுவலகத்துக்கு வந்து, அங்குள்ள தரவுத்தளத்தில் சேர்கிறது. பருவம் முடிந்து மாதவாரிக் கணக்கு எடுக்கும்போது, மே மாதத்திலும் பழம் பறித்ததாக அறிக்கை வருகிறது. சேர்வராயன் மலையில் பறிப்பு நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வாக்கில் ஓய்ந்துவிடும். கோடை விழாவுக்குக் கூட்டம் மலையேறும் மே மாதத்தில் பறிப்பதற்குச் செடியில் பழம் இருக்காது. அந்த எடை டிசம்பர் 5ஆம் தேதிக்கு உரியது. 05-12 என்று எழுதப்பட்டதை வழியில் ஏதோ ஒரு மென்பொருள் மே 12 என்று வாசித்திருக்கிறது.

இத்தகைய பிழையைக் கண்டவுடன் அறிக்கையின் வடிவமைப்பை மாற்றிப் பார்ப்பதே பலரின் முதல் வேலையாக இருக்கிறது. சேலத்தில் வெள்ளிப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, மண்டி ஆகியவற்றின் கணக்கு மென்பொருள்களைப் பராமரிக்கும் வேலையில் நான் அடிக்கடி காண்பது இதுதான்: அறிக்கையில் நாளும் மாதமும் இடம் மாற்றப்பட்டு, தவறான பதிவுகள் சரியாகத் தெரியத் தொடங்குகின்றன, அதுவரை சரியாக இருந்த பதிவுகள் தவறாகின்றன. பிழை எங்கே நுழைந்தது என்று தெரியாமல் எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது. தேதியோ தொகையோ தரவுத்தளத்தில் முறையான வகையில் இருக்கும்வரை அதற்கு வடிவம் என்று ஒன்று கிடையாது. எழுத்தாக வருவது மதிப்பாக மாறும்போதும், மதிப்பு மறுபடி எழுத்தாக மாறும்போதும்தான் வடிவம் குறுக்கிடுகிறது. எனவே தேட வேண்டிய இடங்கள் இவ்விரு வகை மாற்றங்கள் நிகழும் இடங்கள் மட்டுமே.

முதலில் உள்ளே இருப்பதைப் பாருங்கள்

தவறாகத் தெரியும் ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையையும் பயன்பாட்டுத் திரையையும் ஒதுக்கிவிட்டு, தரவுத்தளத்துடன் வந்த கட்டளைவரிக் கருவியில் அந்தப் பதிவை நேரடியாக வினவுங்கள். வரைகலைக் கருவிகள் தம் விருப்பப்படி தேதியை வடிவமைத்துக் காட்டுவதால், இந்தக் கட்டத்தில் அவற்றை நம்ப முடியாது. அத்துடன் நிற்காமல், அந்த நெடுவரிசையின் வகை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். தரவுத்தள மென்பொருளுக்கு ஏற்ப இதற்கான வழி மாறும். போஸ்ட்கிரெஸில் பிஜி டைப்ஆஃப் என்னும் செயற்கூறு வகையைச் சொல்லும். ஆரக்கிளில் டம்ப் என்னும் செயற்கூறு வகையையும் உள்ளிருக்கும் பைட்டுகளையும் ஒருசேரக் காட்டும். மைஎஸ்கியூஎல்லில் ஹெக்ஸ் செயற்கூற்றைக் கொண்டு, எழுத்துச்சரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று அறியலாம். எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே தேதி என்பது எழுத்தாகவோ எண்ணாகவோ மட்டுமே இருக்கும்.

நெடுவரிசை டேட் வகையாக இருந்து, உள்ளே 2024-12-05 என்று சரியாக இருந்தால், பிழை வெளியேறும் வழியில் இருக்கிறது. தரவைத் தொட வேண்டிய தேவையே இல்லை. உள்ளே 2024-05-12 என்று இருந்தால், பிழை நுழைந்த வழியில் இருக்கிறது. அறிக்கையைத் தொட்டுப் பயனில்லை. தேதி எழுத்துச்சர வகையில் வைக்கப்பட்டிருந்தால் அது மூன்றாவது நிலை. எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுவே; ஏனெனில் அங்கே ஒரே நெடுவரிசையில் 05-12-2024, 5/12/24, 2024-12-05 என்று மூன்று வடிவங்களும் அருகருகே குடியிருக்க முடியும், அவற்றை எந்தத் தரவுத்தளமும் தடுக்காது. எழுத்தாக இருக்கும் தேதியை வரிசைப்படுத்தினால் 01-12-2024 என்பது 15-11-2024க்கு முன்னால் வந்து நிற்கும். எழுத்தாக இருக்கும் எண்ணில் மிகப் பெரியது எது என்று கேட்டால், 1250ஐ விட்டுவிட்டு 98ஐக் காட்டும். அறிக்கையின் வரிசை குழம்பியிருக்கிறது என்று ஒருவர் புகார் சொன்னால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து, செஷனின், அதாவது தரவுத்தளத்துடன் அப்போது திறந்திருக்கும் இணைப்பின், அமைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸில் டேட்ஸ்டைல், டைம்சோன். ஆரக்கிளில் மொழி, வட்டார அமைப்புகளைக் காட்டும் என்எல்எஸ் செஷன் பாராமீட்டர்ஸ் என்னும் பார்வை. எஸ்கியூஎல் சர்வரில் டிபிசிசி யூசர்ஆப்ஷன்ஸ் என்னும் கட்டளை காட்டும் மொழியும் தேதி வரிசையும். மைஎஸ்கியூஎல்லில் எஸ்கியூஎல் மோடும் நேர மண்டலமும். இவை சர்வருக்கு ஒன்றாகவும் செஷனுக்கு வேறாகவும் இருக்கலாம். சேலம் செவ்வாய்பேட்டை அலுவலகக் கணினியில் சரியாக ஓடும் அதே வினவல், மலைமேல் உள்ள கணினியில் வேறு விடை தருவதற்கு இந்த வேறுபாடே பெரும்பாலும் காரணம். எனவே பிழை தெரியும் கணினியின் இணைப்பிலிருந்தே அமைப்புகளை எடுக்க வேண்டும். உங்கள் மடிக்கணினியின் அமைப்புகள் எதையும் நிரூபிப்பதில்லை.

நாளும் மாதமும் இடம் மாறும்போது

தேதிப் பிழைகளில் அதிகம் நேர்வதும், அதிக நாள் மறைந்திருப்பதும் இதுதான். ஓர் ஆண்டின் தேதிகளில் நாள் 12க்குள் இருப்பவை 144. அவற்றில் 12-12 போல நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் 12 தேதிகள் புரண்டாலும் மாறுவதில்லை. மீதமுள்ள 132 தேதிகள் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் வேறொரு செல்லுபடியாகும் தேதியாக மாறிவிடுகின்றன. 13ஆம் தேதி தொடங்கித்தான் தரவுத்தளம் மறுப்புத் தெரிவிக்கும். ஆரக்கிள் ஓஆர்ஏ-01843 என்று, மாதம் செல்லாது எனச் சொல்லும். போஸ்ட்கிரெஸ் மதிப்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லி, டேட்ஸ்டைலைச் சரிபார்க்கும்படி குறிப்பும் தரும். ஆகவே மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்கள் அமைதியாக ஓடிவிட்டு, 13ஆம் தேதி காலையில் திடீரென்று பதிவேற்றம் நின்றுபோனால், அன்றைக்கு ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அன்றுதான் பிழை வெளியே தெரிந்திருக்கிறது. அதற்கு முந்தைய நாள்களின் பதிவுகள், நாளும் மாதமும் ஒன்றான தேதி தவிர, எல்லாம் ஏற்கெனவே புரண்டுபோய் உள்ளே இருக்கின்றன. 13ஆம் தேதிக் கோப்பை மட்டும் கையால் திருத்தி ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுவது மிகப் பெரிய தீங்கு.

இதைவிடச் சிக்கலானது, மென்பொருள் தானாகவே ஊகித்து வாசிப்பது. பைத்தானின் பாண்டாஸ் நூலகம் 2.0 பதிப்புக்கு முன்புவரை, தெளிவான கட்டளை தரப்படாவிட்டால், 05-12-2024 என்பதை மாதம் முதலில் என்று கொண்டு மே 12 ஆகவும், அடுத்த வரியில் உள்ள 13-12-2024 என்பதை வேறு வழியின்றி டிசம்பர் 13 ஆகவும் வாசிக்கும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. ஒரே கோப்பில் பாதி சரி, பாதி தவறு. எக்செல்லும் ஏறத்தாழ இதையே செய்கிறது. விண்டோஸின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும் கணினியில் சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், 05-12-2024 மே 12 என்னும் தேதியாக மாறி வலப்புறம் ஒட்டி நிற்கும். 13-12-2024 தேதியாக மாறாமல் எழுத்தாகவே இடப்புறம் நிற்கும். அந்த ஒரு நெடுவரிசையில் சில மதிப்புகள் வலப்புறமும் சில இடப்புறமும் ஒட்டியிருப்பதைக் கண்டால், விசாரணையில் பாதி முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். யாரேனும் அந்தக் கோப்பைத் திறந்து, சேமித்து, அனுப்பியிருக்கிறார்கள். தரவுத்தளத்துக்கு வருவதற்கு முன்பே அது கெட்டிருக்கிறது. புதுக் கணினி வாங்கியதும் வட்டார அமைப்பு ஆங்கிலம்-இந்தியா என்று இருக்கிறதா எனப் பார்க்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் இல்லை. அது வர வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வரில் ஒரு பொறி உண்டு. நல்ல அனுபவமுள்ளவர்களும் அதில் சிக்குகிறார்கள். 2024-12-05 என்று ஆண்டை முதலில் எழுதினால் குழப்பமே வராது என்று நாம் நம்புகிறோம். ஆனால் தேதியும் நேரமும் சேர்ந்த பழைய டேட்டைம் வகைக்கு, செஷனின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருக்கும்போது, அதே 2024-12-05 என்பது ஆண்டு-நாள்-மாதம் என்று வாசிக்கப்பட்டு மே 12 ஆகிவிடும். டேட், டேட்டைம்2 ஆகிய புதிய வகைகளில் இந்தச் சிக்கல் இல்லை. டேட்டைம் வகையைக் கைவிட முடியாத பழைய மென்பொருளில் 20241205 என்று கோடு இல்லாமல் எழுதுவதே பாதுகாப்பானது. அது எந்த மொழி அமைப்பிலும் ஒரே பொருளைத் தரும். உள்ளே வரும் எழுத்து நம் ஊர் வழக்கப்படி நாள்/மாதம்/ஆண்டு என்றுதான் இருக்கும் என்றால், கன்வெர்ட் செயற்கூற்றுக்கு 103 என்னும் பாணி எண்ணைக் கொடுங்கள். 101 என்பது அமெரிக்க வரிசை.

ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் எழுத்தைத் தேதியாக மாற்றும் டு டேட் செயற்கூற்றுக்கு வடிவ முகமூடியை, அதாவது நாள், மாதம், ஆண்டு எந்த இடத்தில் வரும் என்று சொல்லும் குறியீட்டை, எப்போதும் வெளிப்படையாக எழுதுங்கள். முகமூடி இல்லாமல் எழுதப்பட்ட ஆரக்கிள் வினவல், செஷனின் என்எல்எஸ் அமைப்பை நம்பியிருக்கிறது. அந்த அமைப்பு கிளையன்ட் கணினிக்குக் கணினி மாறும். மைஎஸ்கியூஎல் எழுத்துத் தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒரே வரிசையில்தான் வாசிக்கும். நம் வழக்கப்படியான எழுத்தை எஸ்டிஆர் டு டேட் என்னும் செயற்கூற்றின் வழியாக மட்டுமே உள்ளே விட வேண்டும். அங்கே தவறான மதிப்புகளை மறுக்கும் கடுமைப் பயன்முறை அணைக்கப்பட்டிருந்தால், வாசிக்க முடியாத தேதி 0000-00-00 என்று சத்தமில்லாமல் சேமிக்கப்படும். 5.7 பதிப்பிலிருந்து கடுமைப் பயன்முறை இயல்பாகவே இயங்குகிறது. பழைய மென்பொருள் ஓடவில்லை என்பதற்காக யாரேனும் அதை அணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இரண்டு இலக்க ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. மைஎஸ்கியூஎல் 69 வரை 2069 என்றும், 70 முதல் 1970 என்றும் கொள்ளும். எஸ்கியூஎல் சர்வர் இயல்பாக 49 வரை 2049 என்றும், 50 முதல் 1950 என்றும் கொள்ளும். தொழிலாளரின் பிறந்த ஆண்டு 62 என்று எழுதப்பட்டிருந்தால், ஒன்றில் 2062 ஆகவும் மற்றொன்றில் 1962 ஆகவும் அது மாறும். நான்கு இலக்கம் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள்.

வெளியேறும் வழியில் வரும் தேதிப் பிழைகள்

உள்ளிருக்கும் மதிப்பு சரியாக இருந்தால் வடிவ முகமூடியை எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். எடைச்சீட்டு அறிக்கை ஒன்றில் காலை 9:12, 10:12, பகல் 2:12, மாலை 5:12 என்று எல்லா நேரங்களும் 12 நிமிடத்திலேயே முடிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதுவும் டிசம்பர் மாத அறிக்கை. நிமிடம் வர வேண்டிய இடத்தில் மாதத்தின் குறியீடு எழுதப்பட்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் எம்எம் என்பது மாதம், எம்ஐ என்பது நிமிடம். எஸ்கியூஎல் சர்வரின் ஃபார்மட் செயற்கூற்றில் பெரிய எம்எம் மாதம், சிறிய எம்எம் நிமிடம். மைஎஸ்கியூஎல்லில் சதவீதக் குறியுடன் வரும் சிறிய எம் மாதம், சிறிய ஐ நிமிடம். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் நிமிடம் தன் மாத எண்ணில் உறைந்து நிற்கும் என்பதால், இந்தப் பிழையைச் சற்று நிதானமாகப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

ஆண்டு முடிவில் மட்டும் தோன்றி, ஜனவரி பிறந்ததும் மறைந்துவிடும் பிழை ஒன்றும் உண்டு. 30-12-2024 என்னும் தேதி அறிக்கையில் 30-12-2025 என்று வருகிறது. ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் வாரக் கணக்கின்படி 2024 டிசம்பர் 30, திங்கள்கிழமை, 2025ஆம் ஆண்டின் முதல் வாரத்தைச் சேர்ந்தது. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் முகமூடியில் ஐ என்னும் எழுத்தோடு தொடங்கும் ஆண்டுக் குறியீடும், ஜாவாவில் பெரிய ஒய் நான்கு எழுதுவதும் இந்த வார ஆண்டைத் தருகின்றன. சாதாரண ஆண்டு வேண்டுமென்றால் ஜாவாவில் சிறிய ஒய் எழுத வேண்டும். பிழை ஜனவரியில் தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டால் அடுத்த டிசம்பரில் திரும்ப வரும்.

ஐந்தரை மணி நேர நகர்வு

நாளும் மாதமும் இடம் மாறவில்லை. ஆனால் தேதி ஒரே ஒரு நாள் பின்னால் போகிறது என்றால், அங்கே வடிவத்தைத் தேட வேண்டாம், நேர மண்டலத்தைத் தேடுங்கள். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. நள்ளிரவு முதல் அதிகாலை 5:30 வரை நடக்கும் எதையும் பொது நேரத்தில் தேதி மட்டும் வெட்டி எடுத்தால், முந்தைய நாள் வரும். சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கான கணக்கு மென்பொருளை எண்ணிப் பாருங்கள்: அங்கே விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். 4:50க்குப் போட்ட சீட்டு நேற்றைய கணக்கிலும், 5:40க்குப் போட்ட சீட்டு இன்றைய கணக்கிலும் விழும். பிழையான பதிவுகளை மணிவாரியாகப் பிரித்து எண்ணும் ஒரு வினவலை ஓட்டினால், 5:30ஐ ஒட்டிக் கோடு கிழித்ததுபோல் எல்லை தெரியும். அந்த எல்லை தெரிந்துவிட்டால் வேறு சான்று தேவையில்லை.

நேரமே இல்லாத வெறும் தேதிக்கும் இது நேர்கிறது என்பதுதான் பலரைத் திகைக்க வைக்கிறது. உலாவியில் பயனர் 2024 ஏப்ரல் 1 என்று தேர்ந்தெடுக்கிறார். ஜாவாஸ்கிரிப்ட் அதை இந்திய நேரப்படி ஏப்ரல் 1 நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் செயற்கூறு அதைப் பொது நேரத்துக்கு மாற்றி மார்ச் 31, மாலை 18:30 என்று எழுதுகிறது. நிரலர் அதில் முதல் பத்து எழுத்துகளை வெட்டி சர்வருக்கு அனுப்புகிறார். விற்பனைப் பட்டியல் (பில்) 2024-25 நிதியாண்டிலிருந்து 2023-24 நிதியாண்டுக்குப் போய்விடுகிறது. இனி அது வடிவப் பிழையாக மட்டும் இருக்காது. ஜிஎஸ்டி கணக்கிலும் பட்டியல் எண் வரிசையிலும் போய் முட்டும். விற்பனைத் தேதி, பறிப்புத் தேதி, பிறந்த தேதி போன்றவற்றை நேரத்தோடு சேர்க்காமல் டேட் வகையில் வையுங்கள்; வழியெங்கும் ஆண்டு-மாதம்-நாள் என்ற எழுத்தாகவே கொண்டுசெல்லுங்கள். எப்போது பதிவு செய்யப்பட்டது என்னும் கணத்தை மட்டும் நேர மண்டலம் அறிந்த வகையில் வையுங்கள். போஸ்ட்கிரெஸில் அது டைம்ஸ்டாம்ப்டிஇசட் எனப்படும். உள்ளே பொது நேரமாக வைத்து, காட்டும்போது செஷனின் மண்டலத்துக்கு மாற்றித் தரும்.

மாதக் கடைசி நாளின் விற்பனை மட்டும் அறிக்கையில் குறைந்தால், காரணம் வேறு. மார்ச் 1க்கும் மார்ச் 31க்கும் இடையில் என்று பிட்வீன் போட்டுக் கேட்கும்போது, நேரமும் சேர்ந்த நெடுவரிசையில் மார்ச் 31 என்பது அன்றைய நள்ளிரவுத் தொடக்கத்தையே குறிக்கும். அதன்பின் நாள் முழுதும் நடந்தவை விடுபடும். ஆரக்கிளின் டேட் வகையிலும் நேரம் உண்டு என்பதால் அங்கும் இது நேரும். மார்ச் 1 அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 1க்கு முன் என்று எழுதுங்கள். 23:59:59.999 என்று முடிவை எழுதும் வழக்கமும் நல்லதன்று. எஸ்கியூஎல் சர்வரின் டேட்டைம் வகை அதை அடுத்த நாளின் 00:00:00 ஆக்கிவிடும்.

எண்கள்

எண்ணுக்கும் முதல் கேள்வி அதுவே: உள்ளே என்ன வகையில் இருக்கிறது? தொகை எழுத்துச்சரமாக, காற்புள்ளிகளோடு சேமிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். போஸ்ட்கிரெஸ் 1,25,000 என்னும் எழுத்தை எண்ணாக மாற்ற மறுக்கும். ஆரக்கிள் ஓஆர்ஏ-01722 என்று, எண் செல்லாது எனச் சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் அதே எழுத்தை ஒரு கூட்டலில் பயன்படுத்தினால், முதல் காற்புள்ளி வரை மட்டும் வாசித்து 1 என்று எடுத்துக்கொண்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் விட்டுச்செல்லும். ஒன்றேகால் லட்ச ரூபாய் ஒரு ரூபாய் ஆகிவிடும். மொத்தத் தொகை நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாக வந்தால், உடனே எச்சரிக்கைகளைக் காட்டும் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். மறுக்கும் தரவுத்தளத்தை நான் என்றும் குறை சொல்லமாட்டேன். சத்தமில்லாமல் விடை தருவதே ஆபத்து.

எஸ்கியூஎல் சர்வரில் பணத்தொகைக்கென உள்ள மணி வகை அதற்கு நேர் எதிரான திசையில் தவறுகிறது. அது காற்புள்ளி எங்கே இருந்தாலும் நீக்கிவிட்டு வாசிக்கும். 1,25,000 என்பதற்கு அது நல்லது. ஆனால் ஜெர்மனியிலிருந்து வரும் கோப்பில் தசமப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும். 1250,50 என்பதை மணி வகை 125050 என்று சேமித்துவிடும், நூறு மடங்கு. காப்பியை வெளிநாட்டுக்கு அனுப்புவோர் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

மூன்று தசம இடங்கள் பழகிய நம் ஊரில் இன்னொரு குழப்பமும் வரும். வெள்ளிப் பட்டறைச் சீட்டில் 1.250 என்றால் ஒரு கிலோ இருநூற்றைம்பது கிராம். ஜெர்மானிய வாங்குநரின் கோப்பில் அதே 1.250 என்பது ஆயிரத்து இருநூற்றைம்பது. இரண்டும் ஒரே எழுத்துகள்; எந்த நிரலாலும் பார்த்துச் சொல்ல முடியாது. கோப்பு யாரிடமிருந்து வருகிறது என்பதை வைத்து, பதிவேற்றும் நிரலில் தசமக் குறியையும் பிரிப்புக் குறியையும் நாமே அறிவித்தாக வேண்டும். ஆரக்கிளில் என்எல்எஸ் நியூமெரிக் கேரக்டர்ஸ் இதற்கானது.

எடை கூட்டினால் கடைசி இலக்கத்தில் மில்லிகிராம் கணக்கில் உதைக்கிறது என்றால், நெடுவரிசை ஃப்ளோட் வகையா என்று பாருங்கள். 0.1 என்பதை அந்த வகை பயன்படுத்தும் இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது, 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். கொலுசுப் பட்டறையில் நூற்றுக்கணக்கான சிறு எடைகளைக் கூட்டி, வெள்ளி கொடுத்தவரின் கணக்கோடு ஒப்பிடும்போது இது சண்டையில் முடியும். எடைக்கும் பணத்துக்கும் டெசிமல் அல்லது நியூமெரிக் வகையே வேண்டும். முழுமையாக்கலிலும் வகை வேறுபாடு தெரியும்: போஸ்ட்கிரெஸில் நியூமெரிக் வகையில் 2.5ஐ முழுமையாக்கினால் 3. இரட்டைத் துல்லிய வகையில் பொதுவாக 2. டச், அதாவது வெள்ளியின் தூய்மை, கணக்கில் பூச்சியம் வந்தால் முழு எண் வகுத்தலைச் சந்தேகியுங்கள்: போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர் இரண்டிலும் 80 / 100 என்பது பூச்சியம். 80.0 என்று எழுதினால் போதும்.

வெளியே காட்டும்போது வரும் எண் பிழைகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் தொகைக்குப் பதில் ஹேஷ் குறிகள் வரிசையாக வந்தால், முகமூடியில் இடம் போதவில்லை என்று மட்டுமே பொருள். 12,34,567 என்ற நம் லட்சப் பிரிப்பு வேண்டுமானால், மதிப்பை எழுத்தாக மாற்றும் டு கேர் செயற்கூற்றின் முகமூடியில் காற்புள்ளிகளை அந்த இடங்களிலேயே எழுதலாம்; எஸ்கியூஎல் சர்வரின் ஃபார்மட் செயற்கூற்றுக்கு ஆங்கிலம்-இந்தியா என்னும் வட்டாரத்தைத் தரலாம். டு கேர் தரும் விடையின் முன்னால் கூட்டல், கழித்தல் குறிக்கான ஓர் இடைவெளி இருக்கும். அதை வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாது. முகமூடியின் தொடக்கத்தில் எஃப்எம் சேர்த்தால் அது நீங்கும்.

எண்போல் தெரிந்தாலும் எண் அல்லாதவற்றை எழுத்தாகவே வையுங்கள். வரிக் கணக்கில் சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீட்டில் காப்பியின் தலைப்பு 0901. எக்செல்லில் ஒருமுறை திறந்து சேமித்தால் 901 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும். அவற்றை மீட்க வழியே இல்லை, மூலக் கோப்பைத்தான் தேட வேண்டும். 5-11 என்று பெயரிட்ட தோட்டப் பிரிவு நவம்பர் 5 ஆகிவிடும், அல்லது தேதிக்குப் பதில் 45000 போன்ற ஓர் எண்ணாக வந்து சேரும். அது எக்செல்லின் தொடர் எண். 45000 என்பது 2023 மார்ச் 15. எல்லாத் தேதிகளும் சரியாக 1462 நாள்கள் தள்ளியிருந்தால், நாள்களை 1904 முதல் எண்ணும் எக்செல்லின் 1904 தேதி முறையில் உருவான கோப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கெட்ட பதிவுகளைத் திருத்துதல்

காரணம் தெரிந்து, நுழையும் வழி அடைக்கப்பட்ட பிறகே பழைய பதிவுகளில் கைவைக்க வேண்டும். முதலில் அந்த அட்டவணையின் பிரதியை எடுங்கள். தேதி நெடுவரிசையின் மேலேயே திருத்தாமல், திருத்திய தேதி என்று தனி நெடுவரிசை சேர்த்து அதில் எழுதுங்கள். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும் வினவலைத் தவறுதலாக இரண்டாம் முறை ஓட்டினால் பிழை அப்படியே திரும்பிவிடும். அதனால் எந்தப் பதிவு திருத்தப்பட்டது என்னும் அடையாளமும் தேவை.

எந்தப் பதிவு புரண்டது என்று தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதற்குத் தொழில் தெரிந்தவரின் உதவி வேண்டும். பறிப்புக் கணக்கில் மே, ஜூலை, செப்டம்பர் தேதி வந்தால் ஐயமில்லை. ஆனால் டிசம்பர் 1 என்பது உண்மையில் ஜனவரி 12 ஆக இருந்தால், இரண்டும் பருவத்துக்குள்ளேயே விழுவதால் பருவம் கைகொடுக்காது. அங்கே சீட்டு எண் வரிசை உதவும்: 412ஆம் சீட்டும் 414ஆம் சீட்டும் ஜனவரி 12இல் இருக்க, 413 டிசம்பர் 1இல் இருக்க முடியாது. பதிவு உருவான கணம் தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தால், அதற்கும் பறிப்புத் தேதிக்கும் உள்ள இடைவெளி மற்றொரு சான்று. எந்தக் கோப்பிலிருந்து எந்தப் பதிவு வந்தது என்று குறித்துவைத்திருந்தால் இவை எதுவும் தேவைப்படாது. மூலக் கோப்பையே சரியான முகமூடியோடு மீண்டும் ஏற்றி ஒப்பிட்டுவிடலாம். கோப்புப் பெயரையும் ஏற்றிய நேரத்தையும் ஒவ்வொரு பதிவோடும் வைக்கும் சிறு வேலையை எல்லாரும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான வேண்டுகோள். சான்று கிடைக்காத பதிவுகளை ஊகித்துத் திருத்தாமல், பட்டியலிட்டுத் தோட்டத்துக்கு அனுப்பி, நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

மீண்டும் நுழையாமல் காத்தல்

தேதிக்கு டேட் வகையும் தொகைக்கு டெசிமல் வகையும் வைத்த பின், நிரலில் வினவலை எழுத்துகளை ஒட்டி உருவாக்குவதை நிறுத்துங்கள். மதிப்புகளை வினவலில் எழுதாமல் தனியே பாராமீட்டராக அனுப்பினால் தேதி எழுத்தாக மாறும் தேவையே பெரும்பாலும் எழாது. இணைப்பு தொடங்கும்போதே மொழி, தேதி வரிசை, நேர மண்டலம் ஆகியவற்றை நிரலே அமைக்கட்டும். பறிப்புத் தேதி எதிர்காலத்தில் இருக்கக் கூடாது, எடை பூச்சியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளை அட்டவணையிலேயே எழுதுங்கள். வடிவமைப்பு என்பது திரைக்கோ அச்சுக்கோ போகும் கடைசிப் படியில் மட்டும் நடக்கட்டும்.

சோதிக்கும் தேதிகளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். 12-12 எதையும் காட்டிக்கொடுக்காது. 05-12, 13-12 இரண்டும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அவற்றோடு 2024 பிப்ரவரி 29, 2024 டிசம்பர் 30, மார்ச் 31 இரவு 11:45, ஏப்ரல் 1 நள்ளிரவு, ஏதேனும் ஒரு நாளின் அதிகாலை 5:15 ஆகியவற்றையும் சேருங்கள். எண்ணுக்கு 0.100, 1.250, 12,34,567.89, ஒரு குறை எண், முன்னால் பூச்சியம் உள்ள ஒரு குறியீடு. இந்தக் கோப்பை ஒருமுறை வட்டார அமைப்பு இந்தியா என்று உள்ள கணினியிலும், ஒருமுறை அமெரிக்கா என்று மாற்றியும் ஏற்றுங்கள். இரண்டு முறையும் தரவுத்தளத்தில் சேர்ந்த மதிப்புகள் ஒன்றுதானா என்று கட்டளைவரியில் ஒப்பிட்ட பிறகே மென்பொருளைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள்.